மூணும் நாலும் ஏழு இல்லை

"ஏழு, மிஸ்."

எட்டாம் வகுப்புப் பெண். பூரணாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறாள். செங்கோண முக்கோணம் ஒன்று வரைந்து, நிற்கிற பக்கம் 3, படுத்திருக்கிற பக்கம் 4, சாய்ந்த பக்கம் எவ்வளவு என்று கேட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை, பட்டென்று ஏழு.

தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. பின்பக்கத் தாழ்வாரத்தில் சாயங்காலம் ஆறரைக்கு ஒன்பது பிள்ளைகள் உட்காருவார்கள். அபிஷேகப்பாக்கம், பூரணாங்குப்பம், நல்லவாடு. எட்டாவதும் இருக்கும், பத்தாவதும் இருக்கும். டியூஷன் எடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம். இந்த ஏழு எனக்குப் பழக்கப்பட்ட ஏழு. வருஷத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். நானும் வழக்கமாகத் தலையில் அடித்துக்கொண்டு, பிதாகரஸ் தேற்றத்தை மறுபடி போர்டில் எழுதி, "அஞ்சு, அஞ்சு, எத்தனை தடவை சொல்றது" என்று முடித்துவிடுவேன்.

இந்தத் தடவை ஏனோ, எப்படி வந்தது என்று கேட்டேன்.

"மூணு ஸ்கொயர் ஆறு. நாலு ஸ்கொயர் எட்டு. கூட்டுனா பதினாலு. ரூட் போட்டா ஏழு."

பதினோரு வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்குத் தேற்றம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளுக்குத் தேற்றம் அட்சரம் பிசகாமல் தெரிகிறது. வர்க்கப்படுத்து, கூட்டு, வர்க்கமூலம் எடு. மூன்று படியும் சரியான வரிசையில் செய்திருக்கிறாள். வர்க்கம் என்றால் இரண்டு மடங்கு, மூலம் என்றால் பாதி என்று எங்கோ மூன்று வருஷத்துக்கு முன்னால் மனசில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு மடங்காக்கிக் கூட்டிப் பாதியாக்கினால் வெறும் கூட்டல்தானே வரும்! நான் திரும்பத் திரும்பத் தேற்றத்தை எழுதியது, கால்வலி என்று வந்தவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட கதை.

அன்றைக்குப் பாடத்தை மூடிவிட்டு, சமையலறையிலிருந்து புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்தேன். மாமியார் புளி ஆய்ந்து சேர்த்து வைத்தது. பல்லாங்குழிக்கு ஆகும் என்று எறியவிடமாட்டார். மூணு வரிசை, வரிசைக்கு மூணு. ஒன்பது கொட்டை. அதுதான் மூணு வர்க்கம், சதுரம், கண்ணால் பார்த்துக்கொள். பக்கத்தில் நாலு வரிசை, வரிசைக்கு நாலு. பதினாறு. இப்போது இரண்டையும் கலைத்து ஒரே சதுரமாக அடுக்கு என்றேன். அடுக்கினாள். அஞ்சு வரிசை, வரிசைக்கு அஞ்சு. ஒரு கொட்டை மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை. அவள் ஒரு தடவை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

சரி, பக்கம் 2, 3 என்றால்? நாலும் ஒன்பதும் பதிமூணு கொட்டை. சதுரமாக அடுக்கச் சொன்னேன். மூணுக்கு மூணு அடுக்கியதும் நாலு கொட்டை கையில் நின்றது. நாலுக்கு நாலு அடுக்க மூணு போதவில்லை. கொட்டையை வாய்க்குள் போட்டுக்கொண்டே யோசித்த அபிஷேகப்பாக்கத்துப் பையன், "அப்ப மூணுக்கு மேல, நாலுக்குள்ள, மிஸ்" என்றான். வர்க்கமூலம் 13 என்றால் என்ன என்று நான் இதுவரை நடத்திய எந்தப் பாடமும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. (கொட்டையைத் துப்ப வைத்தேன்.)

ஏழு தப்பு என்று காட்ட இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்குக் கணக்கே வேண்டாம். வரப்பில் நேராக நாலு கூப்பிடு தூரம் போய், மடக்கில் திரும்பி மூணு கூப்பிடு தூரம் நடந்தால் மொத்தம் ஏழு. நடவு இல்லாத நாளில் வயலுக்குக் குறுக்கே விழுந்து போனாலும் ஏழு என்றால் எவனாவது குறுக்கே போவானா? பள்ளிக்கூடத்துக்கு லேட்டான எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்ததை நோட்டுக்குள் கொண்டுவரத்தான் தெரியவில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு பிள்ளைகள் 'ஹைப்பாட்டனியூஸ்' என்கிறார்கள். வாயில் நுழையாததால் 'ஹைப்போ' என்று சுருக்கிவிட்டார்கள். நான் படித்த காலத்தில் கர்ணம். எங்கள் தாத்தா தலைமுறைக்குக் கர்ணம் என்றால் ஊர்க் கணக்குப் பிள்ளை, பிள்ளைகளுக்கோ சிவாஜி நடித்த கர்ணன்தான் ஞாபகம் வருகிறான். இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்குச் 'செம்பக்கம்' என்று பெயர். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது செம்பக்கம். பெயரிலேயே முகவரி இருக்கிறது. அந்தச் சொல்லை நான் கடன் வாங்கிக்கொண்டேன், பிள்ளைகள் தப்பு செய்வதே அந்த முகவரியில்தான். புத்தகத்தில் முக்கோணம் எப்போதும் ஒழுங்காக நிற்கும். சாய்ந்த கோடுதான் கர்ணம் என்று பழகிவிடுகிறார்கள். அதே முக்கோணத்தைத் திருப்பி, நீளப் பக்கத்தைத் தரையில் படுக்கவைத்து, செங்கோணத்தைக் கூரை உச்சி மாதிரி மேலே வைத்துக் கொடுத்தால் பாதிப் பேர் படுத்திருப்பதை 'பேஸ்' என்று எழுதுகிறார்கள். அதனால் இப்போது எண் எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: செங்கோணத்தில் விரலை வை, அங்கிருந்து எதிர்ச் சுவரைப் பார், அதில் 'செ' என்று எழுது. பிறகுதான் பேனா நகர வேண்டும்.

விடுபட்ட பக்கம் செம்பக்கமா, மற்றதா என்று தெரிந்துவிட்டால் கூட்டலா கழித்தலா என்ற குழப்பமும் போய்விடும் என்று எண்ணினேன். போகவில்லை. 13 அடி ஏணி, சுவரிலிருந்து 5 அடி தள்ளி நிற்கிறது, எவ்வளவு உயரம் எட்டும்? 169-ஐயும் 25-ஐயும் கூட்டி 194, மூலம் ஏறக்குறைய 14 என்று எழுதிக் கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். பதிமூணு அடி ஏணி பதினாலு அடி ஏறிவிட்டது! விடை எழுதியதும் 'இது செம்பக்கத்தைவிடப் பெருசா?' என்று ஒரு தடவை பார்த்தாலே போதும். அதைப் பார்க்க வைப்பதற்குள் நம் தொண்டை போய்விடுகிறது. இன்னொரு கூட்டம் 3-4-5 மனப்பாடக் கூட்டம். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 3, 5 என்று கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு 4 என்பார்கள். மூலம் 34 என்று சொன்னால் அழகாக இல்லையாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை எடுக்க ஆரம்பித்தோம். மேஸ்திரி பாகூர்ப் பக்கம். கடக்கால் தோண்ட நூல் கட்டிய அன்று, காலை ஆறு மணிக்கே முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நூலில் ஆறடிக்கு ஒரு குறி, செங்குத்தாகப் போகும் நூலில் எட்டடிக்கு ஒரு குறி. சித்தாளைக் கூப்பிட்டு டேப்பைக் குறுக்கே பிடிக்கச் சொன்னார். "எவ்ளோ?" "பத்தும் மூணு நூலும்." "உள்ள தள்ளு. இன்னும். இன்னும் ஒரு நூல். ஆங், நிறுத்து."

நூல் என்றால் கட்டுகிற நூலும்தான், அங்குலத்தில் எட்டில் ஒன்றும்தான். மேஸ்திரி வாயில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும், குழப்பமே வராது.

"ஏண்ணே, மூணு நாலு அஞ்சே வைக்கலாமே?" என்றேன்.

"வைக்கலாம் டீச்சர். சின்னதுல ஒரு நூல் தப்புனா, பத்தடி போறதுக்குள்ள மூணு நூலா நிக்கும். பெருசா புடிச்சா தப்பு சின்னதாவும்."

நாலு மூலையும் நின்ற பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்தார்கள். இரண்டு குறுக்கும் 15 அடி ஏழரை அங்குலம். நான் உள்ளே போய் 244-க்கு வர்க்கமூலம் போட்டுப் பார்த்தேன். ஏழரையில் அரை நூல் குறைகிறது. அதை மேஸ்திரியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

இங்கேதான் அந்த வாட்ஸப் பார்வர்டு வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். பிதாகரசுக்குப் பல நூற்றாண்டு முன்பே போதையனார் என்ற தமிழ்ப் புலவர் வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு நாலடிப் பாட்டோடு சுற்றுகிறதே, அது. எங்கள் குடும்பக் குழுவில் வருஷத்துக்கு மூன்று முறை வரும். பாட்டு சொல்கிற முறை எளிமையானது. இரண்டு பக்கத்தில் நீளமானதை எட்டாகப் பிரி, ஒரு பங்கைத் தள்ளு, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். அதுதான் கர்ணம்.

பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி போனோடு வந்து, "மிஸ், இது இருக்கும்போது எதுக்கு ஸ்கொயர் ரூட்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

3, 4: நாலில் அரை போனால் மூன்றரை, அதோடு ஒன்றரை, அஞ்சு. கைதட்டல். 5, 12: பன்னிரண்டில் ஒன்றரை போனால் பத்தரை, அதோடு இரண்டரை, பதிமூணு. விசில். 6, 8-ம் பத்து வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுவிட்டது. 8, 15 போட்டார்கள். 17 வர வேண்டும்; 17.125 வந்தது. "கொஞ்சம்தான மிஸ்" என்று சமாதானம். 7, 24-க்கு 25 வர வேண்டிய இடத்தில் இருபத்து நாலரை. சத்தம் குறைந்தது. 9, 40-க்கு வந்தது முப்பத்தொன்பதரை. ஏழு சொன்ன அதே எட்டாவதுப் பெண் எழுந்து, "மிஸ், செம்பக்கம் மத்த பக்கத்தைவிடச் சின்னதா வருது" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 3-4-5-க்கும் 5-12-13-க்கும் மட்டும் ஏன் இவ்வளவு கச்சிதமாக வர வேண்டும்? நீளப் பக்கத்தை 1 என்றும் குட்டைப் பக்கத்தை உ என்றும் வைத்துக்கொண்டேன். உண்மையான கர்ணத்தின் வர்க்கம் 1 + உ². பாட்டின் கர்ணம் 7/8 + உ/2; அதை வர்க்கப்படுத்தி இரண்டையும் சமன்படுத்தினால், பின்னத்தை எல்லாம் தள்ளிய பிறகு 48உ² − 56உ + 15 = 0 என்று நிற்கிறது. இருபடிச் சமன்பாடு, பத்தாம் வகுப்புச் சமாச்சாரம். தீர்த்தால் இரண்டே விடை: 3/4, 5/12. வேறு எந்த முக்கோணத்துக்கும் பாட்டு சரியாக வராது. இந்த இரண்டுக்கும், இவற்றைப் பெருக்கிய 6-8-10, 10-24-26 வகையறாவுக்கும் மட்டும். யாரோ ஒருவர் இரண்டு நல்ல முக்கோணங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வாய்ப்பாடு கட்டியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தற்செயல் என்று நம்பச் சொன்னால் நம்பமாட்டேன்.

கட்டியவர் சாமர்த்தியசாலி, சந்தேகமில்லை. குட்டைப் பக்கம் நீளத்தில் 5/12-க்கும் 3/4-க்கும் நடுவில் இருக்கும்வரை, பாட்டின் தப்பு நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடாது. அந்த விகிதத்தைச் சாய்வாகப் பார்த்தால் ஏறக்குறைய 23 டிகிரியிலிருந்து 37 டிகிரி வரை. ஓட்டுக் கூரையின் சாய்வு! கைமரம் வெட்டுகிற தச்சருக்கு மனசுக்குள் போடுகிற கணக்காக இது ஓகோ என்று போதும். இது என் ஊகம்தான். ஆனால் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே முள்ளை எண்ணிச் சுளைக்கணக்குச் சொல்கிற வழி இருக்கிறதே, அந்த வகையறாவில் இதை வைத்தால் பொருத்தமாக உட்காருகிறது. கண்திட்டக் கணக்கு, வேலைக்காரர் கணக்கு. அதைப் பிதாகரசோடு குஸ்திக்கு விடுவதுதான் அபத்தம்.

யார் முந்தி என்ற பந்தயத்தில் பிதாகரசே முதல் ஆள் இல்லை. ஏறக்குறைய 3800 வருஷத்துக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் இப்படிப்பட்ட எண் கூட்டங்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. இப்போது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பௌதாயனரின் சுல்ப சூத்திரத்தில், நீள்சதுரத்தின் குறுக்குக் கயிறு இரண்டு பக்கமும் சேர்ந்து உண்டாக்குகிற பரப்பைத் தானே உண்டாக்கும் என்று சொல்லியிருக்கிறது. சுல்பம் என்றாலே கயிறு. எங்கள் மேஸ்திரி வகையறா. போதையனார் என்ற பெயர் பௌதாயனர் மாதிரியே ஒலிப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டின் தமிழும் என் காதுக்கு அவ்வளவு பழசாக விழவில்லை. பெருமை வேண்டுமென்றால் எட்டிப் போக வேண்டியதில்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், நம் பாகூரில் ஒரு கல்விச்சாலை நடந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அது பார்வர்டில் வருவதே இல்லை.

மறுநாள் காலை மேஸ்திரியிடம் கேட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பாட்டுப்படி குறுக்கு பதினைந்தரை அடி. நிஜத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் கூட. "பதினஞ்சரைன்னு புடிச்சா என்ன ஆகும்ணே?"

அவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பத்தடிச் சொவரு அந்தக் கோடிக்குப் போறப்ப ரெண்டு அங்குலம் உள்ள வந்துடும். இன்னொரு குறுக்கு பதினஞ்சே முக்காலுக்கு ஓடிடும். பூச்சு வேலைல மறைச்சிடலாம். டைல்ஸ்காரன் வந்து திட்டுவான்."

நான் கோணம், விகிதம் எல்லாம் போட்டுக் காகிதத்தில் கண்டுபிடித்ததும் அதேதான். இன்னொரு குறுக்கு 15 அடி, 9 அங்குலத்துக்குத் துளி குறைவு. காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

பத்தாவதுப் பெண் விடுகிறவளாக இல்லை. பாட்டைத் திருப்பிப் போட்டால் விடுபட்ட நீளப் பக்கமும் வருமா என்று முயன்றாள். கர்ணத்திலிருந்து குட்டைப் பக்கத்தில் பாதியைக் கழி, எட்டால் பெருக்கு, ஏழால் வகு. 13, 5-க்குப் பத்தரை, எண்பத்து நாலு, பன்னிரண்டு. வந்தது! 25, 7-க்கு 24 வர வேண்டியது இருபத்து நாலரையைத் தாண்டியது. "இதுக்கு ரூட்டே போட்டுடலாம் மிஸ்" என்றாள். கால்குலேட்டர் இல்லாமல் மூலம் போடச் சொன்னால் என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக, நல்லவாட்டுப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். 2004-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போனைக் கேட்டு, தகவல் மையத்து ஒலிபெருக்கியில் கூவி, சுனாமிக்கு முன்னால் ஊரே மேலே ஏறித் தப்பியதே, அந்த நல்லவாடு. வகுப்பில் அதிகம் பேசமாட்டான். போன வெள்ளிக்கிழமை, "மிஸ், கரையில நின்னு பாத்தா கடல் எவ்ளோ தூரம் தெரியும்?" என்றான்.

அதுவும் விடுபட்ட பக்கம்தான் என்றேன். வட்டமாகப் பூமி. நடுவிலிருந்து உன் கண்வரை ஒரு கோடு; அடிவானம்வரை ஒரு கோடு; கண்ணிலிருந்து அடிவானத்துக்கு ஒரு கோடு. செங்கோணம் எங்கே? விரலை வைத்தான். அடிவானத்தில். சரியான இடம். அப்படியானால் செம்பக்கம் பூமியின் ஆரமும் உன் கண் உயரமும் சேர்ந்தது. 6371 கிலோமீட்டரும் 1.6 மீட்டரும். கழித்தல் கணக்கு. 6371.0016-ஐ வர்க்கப்படுத்தப் போனவனை நிறுத்தி, இரண்டு வர்க்கத்தின் வித்தியாசம் என்றால் கூட்டியதையும் கழித்ததையும் பெருக்கினால் போதுமே என்று ஞாபகப்படுத்தினேன். 12742.0016-ஐ 0.0016-ஆல் பெருக்கினால் 20.4 சொச்சம். மூலம் நாலரை.

"நாலரை கிலோமீட்டர்தானா?" முகம் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அங்கேயிருந்து கரைத் தென்னை தெரியுமாம், அதைவிட ரொம்ப தூரத்தில். தெரியும்தான், தென்னைக்கும் உயரம் இருக்கிறதே என்று இன்னொரு முக்கோணம் போட்டோம். பதினைந்து மீட்டர் தென்னந்தலைக்கு 13.8 கிலோமீட்டர், படகில் நிற்பவரின் கண் இரண்டு மீட்டர் உயரம் என்றால் இன்னும் ஐந்து. கிட்டத்தட்ட பத்தொன்பது. முதலில் தலைதான் தெரியும், அடிமரம் பிறகுதான். அவன் முகம் தெளிந்தது. நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டுகிறேன் என்றான்.

திங்கட்கிழமை வந்து பையை இறக்கிவைக்கும்போதே சொன்னான். "அப்பா பாத்தாரு மிஸ். கணக்கு சரிதான்னாரு. ஆனா படகு அலைப் பள்ளத்துல கெடந்தா என்ன பண்ணுவீங்கன்னு உங்களக் கேட்டு வரச் சொன்னாரு."